கலைத் தொழிலாளரும் வேலையில்லாக் காலமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



என்னை இங்கே அழைத்த கழகச் செயலாளர், "தொழிலாளர் சட்டம் பற்றி ஏதேனும் பேசுங்கள், ஆனால் பிற்பகல் நேரம், பிள்ளைகள் உறங்கிவிடாதபடி பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நான் வேறொரு பொருளைத் தயாரித்துக்கொண்டு வந்தேன். இன்று காலை இம்மண்டபத்தில் நிகழ்ந்த ஒன்று என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

விழாவின் தொடக்கத்தில் நம் இளைஞர்கள் பறை முழக்கினார்கள். மிக நேர்த்தியாகவே முழக்கினார்கள். அப்பொழுது முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். முழக்கம் நின்ற பிறகுதான் உள்ளே வந்தார். நான் அவரிடம் சென்று கேட்டேன். "என் அப்பன் கழுத்திலிருந்து அதைக் கழற்றி எறிய எத்தனை அடி வாங்கினோம் தெரியுமா தம்பி? அதை என் பேரன் மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறான்" என்றார். பேரனோ என் அருகில்தான் நின்றுகொண்டிருந்தான். "தாத்தா, அது அடிமை வேலை, இது கலை" என்றான். பெரியவர் விடவில்லை: "கலையா? சரி, ஆடி போனால் உன் கலை உனக்குச் சோறு போடுமா?" என்று கேட்டார். பேரன் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்குத்தான் இன்று நான் பதில் தேடப் போகிறேன். ஆடாத நாளிலும், அடிக்காத நாளிலும் கலைஞன் எதை உண்பான்? இக்கேள்வியை முன்வைத்துப் பல்லாண்டுகளாக ஓயாது போராடிவரும் தொழிலாளர் கூட்டம் ஒன்று பிரான்சு நாட்டில் இருக்கிறது. அவர்களுடைய வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிரான்சு நமக்கு முற்றிலும் அந்நிய நாடன்று. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பர் முதல் நாள் வரை அவர்கள் ஆட்சியில் இருந்தவை. நான் சொல்லப்போகும் ஏற்பாடோ அதற்குப் பிறகு பிறந்தது. அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் இது இல்லை.

பிரான்சில் முதலாளிகளின் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் 1958 டிசம்பர் 31 அன்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தொழிலாளி கூலியிலிருந்து ஒரு பங்கு, முதலாளியிடமிருந்து ஒரு பங்கு என்று திரட்டி, வேலை இழந்தவனுக்கு அந்நிதியிலிருந்து படி கொடுப்பது என்பதே அதன் சாரம். ஆலையில் வேலை செய்பவனுக்கு இது பொருந்தும். அவனுக்கு வேலை இருக்கிறது, அல்லது இல்லை. நாடகத்தில் நடிப்பவனின் நிலைமை அப்படியா? இன்று வேலை, நாளை இல்லை, மறுவாரம் மூன்று நாள் வேலை, பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை. ஆண்டு ஒன்றுக்கு இருபது முதலாளிகள் இருப்பார்கள். ஒரு முதலாளியும் இல்லாத நாட்களே மிகுதியாக இருக்கும். ஆகையால் 1960களில் அந்த ஒப்பந்தத்தோடு இரண்டு பின்னிணைப்புகளைச் சேர்த்தார்கள். எட்டாம் பின்னிணைப்பு, பத்தாம் பின்னிணைப்பு என்று அவற்றிற்குப் பெயர். இன்றைய நிலையில் எட்டாவது விளக்கு, ஒலி, ஒப்பனை, மேடையமைப்பு, படப்பிடிப்பு முதலிய தொழில்நுட்ப வேலை செய்வோருக்கு உரியது; பத்தாவது நடிகர், இசைஞர், நடனக்காரர் முதலிய கலைஞர்களுக்கு உரியது. இவ்விரு சாராரையும் சேர்த்து அந்நாட்டார் 'எந்தெர்மித்தான்' என்கிறார்கள். விட்டு விட்டு உழைப்பவர் என்று பொருள்.

இவ்விடத்தில் 1969 டிசம்பரில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்துக் கலைஞன் ஒருவனை ஆட அழைத்தால், அவன் அழைத்தவரிடம் கூலி வேலை செய்யும் தொழிலாளி என்றே சட்டம் கருதும். ஒப்பந்தத்தில் வேறு எந்தப் பெயரை எழுதிக்கொண்டாலும் செல்லாது. "இசைக்கருவி அவனுடையது; எப்படி வாசிப்பது என்பதை அவனே தீர்மானிக்கிறான்; ஆகவே அவன் என் தொழிலாளி அல்லன்" என்று அழைத்தவர் தப்பித்துக்கொள்ள முடியாது. கருவி தன்னுடையதாக இருந்தாலும், கலையை வெளிப்படுத்துவதில் தனக்குச் சுதந்திரம் இருந்தாலும், கலைஞன் தொழிலாளியே என்று அச்சட்டம் சொல்கிறது. நம் ஊரில் என்ன சொல்வார்கள்? "மேளம் உன்னுடையது, ஆட்கள் உன்னுடையவர்கள், பேசியதைக் கொடுத்துவிட்டேன், கணக்கு முடிந்தது" என்பார்கள். கணக்கு முடியவில்லை என்கிறது அச்சட்டம்.

இதைவிட வியப்பான ஒன்றையும் சொல்கிறேன். திருமண வீட்டார், உணவு விடுதிக்காரர், சிற்றூர்ச் சங்கம் என்று, கலைநிகழ்ச்சி நடத்துவது தொழிலாக இல்லாதவர்களும் கலைஞர்களை அழைப்பார்கள் அல்லவா? அவர்களுக்கென்று அங்கே ஒற்றைச் சாளர அலுவலகம் ஒன்று உண்டு. 2004 முதல் இது கட்டாயம். மகள் திருமணத்திற்கு நான்கு இசைஞர்களை அழைக்கும் தகப்பன், அந்த ஓர் இரவுக்கு அவர்களின் முதலாளி. அவர்களுடைய கூலியை அறிவித்து, ஓய்வூதியத்திற்கும் வேலையில்லாக் காலத்திற்கும் நோய்க்கும் உரிய பங்குத் தொகையை அவன் அவ்வலுவலகத்தில் செலுத்தியாக வேண்டும். நம் ஊரில் சாவு வீட்டார் அழைப்பதையும், விடியவிடிய அடித்த பிறகு கையில் திணிப்பதையும், அதற்கு முன் ஊற்றிக் கொடுப்பதையும் எண்ணிப் பாருங்கள். எழுத்தில் ஒரு வரி உண்டா?

இனிக் கணக்குக்கு வருவோம். மாணவர்கள் தாளில் குறித்துக்கொள்ளலாம். அந்நாட்டில் இப்படியைப் பெறுவதற்கு ஆண்டில் 507 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். ஏன் 507? வாரத்திற்கு 39 மணி நேர வேலை என்றிருந்த காலத்தில் ஒரு மாத வேலை 169 மணி நேரம். அதை மூன்றால் பெருக்கினால் 507. மூன்று மாத முழு வேலைக்குச் சமம். வாரம் 35 மணி நேரமாகக் குறைந்த பிறகும் இந்த எண் மாறவில்லை. கலைஞனுக்குக் காட்சி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கும் கூலியும் உண்டு. அவ்வகைக் கூலி ஒன்றை இப்பொழுது 12 மணி நேரமாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு நடிகை ஐந்து வாரம், வாரத்திற்கு 35 மணி வீதம் ஒத்திகை பார்க்கிறாள்: 175 மணி. பிறகு இருபது காட்சிகள்: 240 மணி. ஆக 415. இன்னும் 92 மணி குறைகிறது. எட்டுக் காட்சிகள் கிடைத்தால் 511 ஆகிவிடும். ஏழே கிடைத்தால் 499, ஒன்றும் கிடைக்காது. அந்த எட்டாவது காட்சிக்காக அவள் எந்தக் குறைந்த கூலிக்கும், எந்த ஊருக்கும் போவாள். முறை எவ்வளவு நல்லதாயினும் அதன் வாசலில் இப்படி ஒரு கத்தி தொங்கிக்கொண்டேயிருக்கிறது. அந்நாட்டுக் கலைஞர்களைப் பொறாமையோடு நோக்குவோர் இதையும் நோக்க வேண்டும். ஆண்டுதோறும் எல்லையைத் தொட முடியாமல் விழுவோர் உண்டு. அவர்கள் மிக எளிய மக்களுக்கு அரசு தரும் அடிப்படை உதவித்தொகைக்குப் போய் நிற்கிறார்கள்.

இப்பொழுது 2003ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அவ்வாண்டு ஜூன் 26 அன்று முதலாளிகள் அமைப்பாகிய மெதெப், மூன்று தொழிற்சங்கங்களோடு ஒரு புதிய உடன்படிக்கை செய்தது. அந்த 507 மணியைப் பன்னிரண்டு மாதங்களில் சேர்த்தால் போதும் என்றிருந்ததைத் தொழில்நுட்பத்தினருக்குப் பத்து மாதம், கலைஞருக்குப் பத்தரை மாதம் என்று சுருக்கினார்கள். பன்னிரண்டு மாதம் கிடைத்த படியை எட்டு மாதமாகக் குறைத்தார்கள். அரங்கத் தொழிலாளரிடையே பெரும் செல்வாக்குள்ள செ.ஜெ.தே. சங்கம் கையெழுத்திட மறுத்தது. போர்ஸ் உவ்ரியேர் என்னும் சங்கமும் மறுத்தது. கையெழுத்திட்டவற்றுள் பெரிதான செ.எப்.தே.தே. பிற தொழில்களில் வலுவுள்ள சங்கம். நாடக அரங்குகளில் அதற்கு அவ்வளவு ஆள் இல்லை. யாருடைய வயிறு சம்பந்தப்பட்டதோ அவர்கள் ஒப்பாமலே அவர்கள் வயிற்றைப் பற்றிய முடிவு எடுக்கப்பட்டது. நம் மக்களுக்கு இது பழகிய சங்கதி.

ஜூன் இறுதியில் கையெழுத்து. ஜூலையில் பிரான்சு நாடெங்கும் கலை விழாக்கள். முதலாளிகள் நாளைப் பார்க்கத் தவறிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தெற்கே அவிஞோன் என்னும் நகரம் இருக்கிறது. பழைய காலத்தில் போப்பாண்டவர்கள் வாழ்ந்த பெரிய அரண்மனை அங்கே உண்டு. 1947இல் ழான் விலார் என்ற நாடக இயக்குநர் அந்த அரண்மனை முற்றத்தில் நாடகங்களை அரங்கேற்றினார். சாதாரண மக்களுக்கும் உயர்ந்த நாடகம் உரியது என்பது அவர் கொள்கை. அவ்விழாவே வளர்ந்து உலகப் புகழ் பெற்றது. 2003 ஜூலையில் அங்கே விளக்குப் போடுவோர், திரை இழுப்போர், நடிப்போர் எல்லாரும் கூடிக் கூடி வாக்களித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 10 அன்று விழாவே கைவிடப்பட்டது. எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரின் இசை நாடக விழாவும், லா ரொஷேல் நகரின் பாட்டு விழாவும் அவ்வாறே நின்றன. விடுதிகள் வெறிச்சோடின, சிற்றுண்டிக் கடைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். மேடையில் தெரியும் நடிகர்களின் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன, அவற்றின் உழைப்பில் எத்தனை கடைகள் பிழைக்கின்றன என்பது அந்தக் கோடையில்தான் ஊருக்குத் தெரிந்தது.

ஆயினும் இவ்வேலைநிறுத்தத்தைக் கண்மூடிப் புகழ நான் விரும்பவில்லை. கலைஞர்களுக்குள்ளேயே கருத்து பிளந்தது. ஓராண்டு உழைத்து ஒத்திகை பார்த்த நாடகத்தை அரங்கேற்றாமலே புதைப்பது தன் கையால் தன் கண்ணைக் குத்திக்கொள்வது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் கருங்காலிகள் அல்லர். பெரிய விழாவுக்குப் பக்கத்தில் தம் சொந்தச் செலவில் வாடகை அரங்கெடுத்து ஆட வந்த சிறு குழுக்கள் பல. ஆடினால் கட்சி மாறியவர் என்ற பழி, ஆடாவிட்டால் கடன். ஏழையின் வேலைநிறுத்தம் ஏழையையும் அடிக்கும். சங்கம் நடத்துவோர் இதை மறைக்கக் கூடாது.

உடன்படிக்கை அவ்வாண்டு திரும்பப் பெறப்படவில்லை. 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் போராட்டமும் ஓயவில்லை. 2003 அக்டோபரில் மிகப் பிரபலமான ஒரு பாட்டுப் போட்டி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோது அவர்கள் அரங்கினுள் புகுந்து நிகழ்ச்சியை மறித்தார்கள். 2004இல் பண்பாட்டு அமைச்சர் மாறினார். எல்லையைத் தொடாமல் விழுந்தவர்களைத் தாங்க அரசே தன் பணத்தில் ஒரு தற்காலிக நிதியை ஏற்படுத்தியது. இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. நிறுத்தக் கூட்டங்களில் கூடிய கலைஞர்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தங்கள் வேலை நாட்கள், ஒத்திகை நாட்கள், கூலியில்லாமல் கற்றுக்கொள்ளும் நாட்கள் ஆகியவற்றைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். பிறகு எதிரியின் திட்டத்தை மறுப்பதோடு நில்லாமல், மாற்றுத் திட்டம் ஒன்றை எழுதி மேசைமேல் வைத்தார்கள். 'வேண்டாம்' என்று சொல்ல உணர்ச்சி போதும். 'இப்படிச் செய்' என்று சொல்லக் கணக்கு வேண்டும். கல்விக் கழகத்தின் விழாவில் இதை அழுத்திச் சொல்வதில் பிழையில்லை என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதம் என்ன? "இவர்கள் செலுத்துவது குறைவு, பெறுவது மிகுதி. ஆண்டுக்குச் சுமார் 100 கோடி யூரோ பற்றாக்குறை. மற்றத் தொழிலாளர் உழைப்பில் இந்தக் கூத்தாடிகள் ஏன் உண்ண வேண்டும்?" இதுதான். 2014 பிப்ரவரியில் மெதெப் இந்தச் சிறப்பு முறையையே ஒழித்துவிட வேண்டும் என்று கேட்டது. இவ்வாதத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. இவர்களைப் பொது விதிக்குள் கொண்டுவந்தால் உண்மையில் மிச்சமாகும் தொகை 32 கோடி யூரோ அளவே என்று வேலையில்லாக் காப்புறுதி நிறுவனமே கணக்கிட்டுக் கூறியது. அது நிற்க, காப்புறுதி என்றால் என்ன? வீடு எரிந்தவன் பெறுவது அவன் கட்டியதைவிட மிகுதியாகத்தான் இருக்கும். எரியாதவர்கள் எல்லாரும் சேர்ந்து தாங்குவதற்குப் பெயர்தான் காப்புறுதி. நோயாளிகளை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு "மருத்துவமனைக்கு இவர்களால் நட்டம்" என்று சொல்வாருண்டோ? இன்னொன்றும் உண்டு. 2011இல் பண்பாட்டுத் துறை பிரான்சின் தேசிய வருமானத்திற்கு 5,780 கோடி யூரோ, அதாவது நூற்றுக்கு 3.2 பங்கு, சேர்த்தது என்று அந்நாட்டு அரசின் ஆய்வே சொல்லியது. மோட்டார் வாகனத் தொழிலைவிட அது பன்மடங்கு. ஆனால் இந்த வாதத்தை நான் மிகவும் நம்பி நிற்கமாட்டேன். நாட்டுக்கு வருமானம் தருவதால்தான் மனிதனுக்குச் சோறு என்றால், வருமானம் தராத கலைக்கு என்ன கதி?

உண்மையான தவறு ஒன்று அம்முறையில் இருந்தது. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் கலைஞர்கள் அல்லர். தொலைக்காட்சி, படத்தயாரிப்பு நிறுவனங்கள் சில, ஆண்டு முழுவதும் தேவைப்படும் ஊழியர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாமல், விட்டு விட்டு வேலை செய்பவர்களாகக் கணக்குக் காட்டின. மாதத்தில் சில நாளுக்குக் கூலி நிறுவனம் கொடுக்கும். மிச்ச நாளுக்குப் பொது நிதி கொடுக்கும். நாடகக் குழுக்களிலும் ஒத்திகைக்குக் கூலி எழுதாமல், படி வாங்கும் நாட்களிலேயே ஒத்திகையை முடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பற்றாக்குறை என்று முழங்கிய முதலாளிகள் இதைப் பற்றி மெல்லத்தான் பேசினார்கள்.

2014 மார்ச்சில் மீண்டும் ஓர் உடன்படிக்கை. படி தொடங்குவதற்குமுன் காத்திருக்க வேண்டிய நாட்களை அது நீட்டியது. அந்தக் கோடையிலும் மோன்பெலியே நகரின் நாடக விழா பெரிதும் குலைந்தது. அவிஞோனில் தொடக்க நாள் நாடகங்கள் நின்றன. அப்போதைய பிரதமர் மனுவேல் வால்ஸ், அந்தக் காத்திருப்பு நாட்களின் சுமையை அரசே ஏற்கும் என்று ஜூன் மாதத்தில் அறிவிக்க நேர்ந்தது. 2015 ஆகஸ்டில் வந்த சட்டம், கலைத் தொழிலாளர்க்குத் தனி விதிகள் இருக்க வேண்டும் என்பதையே சட்டமாக்கியது. அவ்விதிகளை முதலில் அத்துறையின் முதலாளி தொழிலாளி அமைப்புகளே பேசி முடிவு செய்யலாம் என்றும் ஆயிற்று. 2016 ஏப்ரலில் பாரிசிலுள்ள ஓதெயோன் அரங்கத்தைத் தொழிலாளர்கள் ஒருபுறம் கைப்பற்றி அமர்ந்திருக்க, மறுபுறம் பேச்சு நடந்தது. ஏப்ரல் 28 அன்று உடன்பாடு. பன்னிரண்டு மாதங்களில் 507 மணி என்ற பழைய விதி இரு சாராருக்கும் திரும்பி வந்தது. ஆண்டுக்கு ஒரு நிலையான நாளில் கணக்குப் பார்க்கும் முறையும் திரும்பியது. மகப்பேற்று விடுப்பின் ஒவ்வொரு நாளையும் ஐந்து மணி நேரமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண் எல்லையைத் தொடாமல் விழுந்துவிடக் கூடாது என்று அக்கலைஞர்களுள் தாய்மார்கள் தனியே கூடிப் போராடியதன் பலன் இது. இழந்ததை மீட்கப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன என்பதைக் கவனியுங்கள். இடையில் எத்தனை பேர் தொழிலை விட்டுப் போயிருப்பார்கள்!

பிறகு கொரோனாக் கொள்ளை நோய் வந்தது. அரங்குகள் எல்லாம் மூடப்பட்டன. ஆடவே முடியாதபோது 507 மணிக்கு எங்கே போவது? 2020 மே 6 அன்று குடியரசுத் தலைவர் மக்ரோன், இவர்கள் உரிமையை 2021 ஆகஸ்ட் இறுதி வரை நீட்டிப்பதாக அறிவித்தார். கணக்கில் வராத 'வெற்று ஆண்டு' என்று அதை அழைத்தார்கள். 2021 மார்ச் 4 அன்று ஓதெயோன் மீண்டும் கைப்பற்றப்பட்டது; 1968 மே மாத மாணவர் எழுச்சியின்போதும் கைப்பற்றப்பட்ட அதே அரங்கம். விரைவில் நாடெங்கும் நூறளவு அரங்குகளில் தொழிலாளரும் நாடக மாணவரும் குடியேறினார்கள். நீட்டிப்பு டிசம்பர் இறுதி வரை கிடைத்தது.

அவர்கள் கேட்டது அது மட்டுமன்று. அக்காலத்தில் அரசு எல்லா வேலையில்லாதோருக்குமான விதிகளைக் கடுமையாக்கத் திட்டமிட்டிருந்தது. விட்டு விட்டு வேலை செய்பவர்களின் படியை அது குறைக்கும். கலைஞர்களுக்குத் தனி விதி இருந்தபடியால் அவர்களை அது நேரே தொடவில்லை. ஆயினும், "அத்திட்டத்தைக் கைவிடு; விருந்துகளில் நாள்கூலிக்குப் பரிமாறுபவருக்கும், சுற்றுலா வழிகாட்டிக்கும் எங்களுக்குக் கிடைப்பதைக் கொடு" என்பதை முன்னணிக் கோரிக்கையாக வைத்தார்கள். 2003 முதலே அவர்களுடைய முழக்கம், தங்களுக்காகக் காப்பதை எல்லாருக்காகவும் காக்கிறோம் என்பதுதான். இந்தக் கோரிக்கையில் அவர்கள் தோற்றார்கள். நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஜூன் மாதத்தில் அத்திட்டத்தைச் சிறிது காலம் தடுத்தது. அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அரங்குகள் திறந்தன, கலைஞர்கள் மேடைக்குத் திரும்பினார்கள், பரிமாறுபவர் வெளியே நின்றார். ஒரு கூட்டத்துக்குக் கிடைத்த உரிமை அடுத்த கூட்டத்துக்குத் தாவுவது எவ்வளவு அரிது என்பதை, இட ஒதுக்கீட்டால் படித்து முன்னேறிய நம்முள் சிலரும் எண்ணிப் பார்க்க வேண்டும். சேரியைத் திரும்பிப் பாராதவர்கள் நம்மிடமும் உண்டு.

இப்பொழுது அந்தப் பெரியவரிடம் வருகிறேன். ஐயா, நீங்கள் பறையைக் கீழே வைத்தது சரி. அதில் எனக்கு ஐயமில்லை. பம்பாய்ச் சட்டசபையில் அண்ணல் அம்பேத்கர் 1928 மார்ச்சில் மகர் வதன் முறையைத் திருத்த ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். மகர் மக்கள் பரம்பரையாக ஊருக்கும் அரசுக்கும் செய்து வந்த பணியைப் பற்றியது அது. இரவென்றும் பகலென்றும் இல்லாமல் கூப்பிட்டபோது போக வேண்டும். அவன் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் வேறொருவர் போக வேண்டும். கிடைப்பதோ சிறு துண்டு நிலமும் தானியமும். வேலைக்கு நேரம் இல்லை, மறுக்கும் உரிமை இல்லை, கூலிக்கு அளவு இல்லை. களத்துமேட்டில் கொடுத்த படி நெல்லுக்காக ஊரின் எல்லாச் சாவுக்கும் நம் பாட்டன்மார் அடித்த பறையும் இதே இனம்தான். மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் உடம்பில் சுமக்கிறீர்கள்.

உன் பேரன் செய்வது வேறு என்று சொன்னால் மட்டும் போதுமா? போதாது. பறையாட்டம் இப்பொழுது மாநகர மேடை ஏறியிருக்கிறது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஆனாலும் விருது ஒருவருக்கு, பட்டினி பலருக்கு. மாசி, பங்குனி, சித்திரையில் கொடைகளும் திருவிழாக்களும் இருக்கும். மழைக்காலம் வந்தால் குழு கலைந்து கொத்து வேலைக்கும் சுமை தூக்கவும் போகும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது சரியாக அந்தப் பங்குனியில். ஓராண்டு முழுவதற்கும் சம்பாதிக்கும் மாதங்கள் அப்படியே போயின.

நம் மாநிலத்தில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பு, திருமணம், இறப்பு போன்றவற்றுக்கு அதன் வழியே உதவி உண்டு. வேலையில்லா நாளுக்கு என்ற எண்ணம் இங்கே அறவே இல்லாததன்று. மீன்பிடித் தடைக்காலம் 61 நாட்களுக்கு மீனவக் குடும்பங்கள் நிவாரணம் பெறுகின்றன. மழையில் சூளை வைக்க முடியாத மண்பாண்டத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணம் உண்டு. கடல் மூடினால் மீனவனுக்கு, மழை பெய்தால் குயவனுக்கு என்றால், கொடை முடிந்தால் கலைஞனுக்கு ஏன் கூடாது? பிரான்சைப் போல 507 மணி என்று நாம் கேட்கப் போவதில்லை. அங்கே சேரும் நிதியும் இங்கே சேரும் நிதியும் ஒன்றல்ல. கேட்பதற்கு முன்பு நம் கையில் இருக்க வேண்டியது கணக்கு. நம் குழுக்களில் ஒருவர் ஆண்டில் எத்தனை நாள் ஆடுகிறார், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொலைவு பயணம், யார் அழைத்தார், எவ்வளவு பேசினார், எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டால், இம்மண்டபத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. காலையில் பறையடித்த பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தேன், "நிறைய" என்றார்கள். "நிறைய" என்று மனு எழுத முடியாது.

ஆகையால் கழகச் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அவர் உடனே இசைந்து, கழகப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வாங்கிய குறிப்பேடுகளில் நாற்பதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு கட்டங்கள்: நாள், ஊர், அழைத்தவர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பேசிய தொகை, பெற்ற தொகை. வரும் தை முதல் அடுத்த தை வரை எழுத வேண்டும். ஒத்திகை நாளையும் எழுத வேண்டும். வேலை கிடைக்காத நாளையும் வெறுமனே விடாமல் 'இல்லை' என்று எழுத வேண்டும். சாவு வீட்டுக்கு வரமாட்டோம் என்று மறுத்தால் அதையும், அதனால் ஏதேனும் மிரட்டல் வந்தால் அதையும் கடைசிப் பக்கத்தில் குறிக்க வேண்டும். எழுதத் தெரியாத மூத்த கலைஞருக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் எழுதிக் கொடுக்கட்டும். முதல் குறிப்பேட்டை யார் பெயரில் பதிவது என்று யோசித்தோம். வெளியே போய் அமர்ந்த அந்தப் பெரியவர், தம் பேரன் பெயரைச் சொல்லி, "அவன் எழுதட்டும், மாதம் ஒருமுறை நான் கூட்டிப் பார்க்கிறேன்" என்று இப்போது உணவு இடைவேளையில் சொன்னார். ஏடுகள் வாயிலருகே மேசைமேல் இருக்கின்றன.